பில் கவுண்டரில் நிற்கிற பெண்கள் சிரிப்பதா வேண்டாமா? கொடைக்கானல் கடைக்கு யோசனை தேவை

கொடைக்கானல் ஏழு ரோடு பக்கம் ஹோம்மேட் சாக்லேட், யூகலிப்டஸ் தைலம் விற்கிற கடை. கவுண்டரில் எல்லாரும் பெண்கள், உள்ளூர்ப் பிள்ளைகள். ஏப்ரல், மே சீசனில் தலைவலி இந்தச் சிரிப்புதான்.

அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் தெரியாதவரைப் பார்த்தும் சிரிப்பார்கள். பதிலுக்குச் சிரித்தால் அதோடு முடிந்தது. ரஷ்யர்கள் பெரும்பாலும் காரணமில்லாமல் சிரிக்க மாட்டார்கள், அதில் கோபமும் கிடையாது. நம்மூர் ஆண்கள் கூட்டமாக வரும்போதுதான் சிக்கல். பில் போடும்போது லேசாகச் சிரித்தால் "நம்பர் சொல்லும்மா", அடுத்து செல்ஃபி, கடை அடைக்கிற நேரத்தில் வாசலில் பைக். மூடுபனியில் பஸ் ஸ்டாண்ட் வரை நடக்கிற பிள்ளைகளுக்கு அதுதான் பயம்.

சிரிக்கவே வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாச்சு. "மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறார்கள்" என்று ஆன்லைனில் ரிவ்யூ. குடும்பமாக வருகிறவர்கள்கூட சாம்பிள் கேட்கத் தயங்கினார்கள். மாஸ்க்கும் உதவவில்லை, கண்ணோரச் சுருக்கமே காட்டிக்கொடுத்துவிடும். பெயர் பேட்ஜை எடுத்ததில் நல்ல பலன். பேர் சொல்லிக் கூப்பிடுவது நின்றது. இப்போது ஓரளவு எடுபடுவது: "வணக்கம்" சொல்லும்போது மட்டும் சிரிப்பு, அப்புறம் பார்வை தட்டிலும் தராசிலும். மீதிச் சில்லறையைக் கையில் தராமல் மேசையில் வைப்பது. கூட்டம் நெருக்கினால் இதெல்லாம் காற்றில் போய்விடுகிறது.

வெளியாட்களிடமிருந்தும் பாதுகாப்பது முதலாளி பொறுப்பு என்று பணியிடத்தில் பெண்களுக்குப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டம் சொல்வது தெரியும். பெண்கள் உதவி எண் 181-ஐயும் கடையில் ஒட்டியிருக்கிறது. அந்த அளவுக்குப் போகுமுன் தடுக்கத்தான் வழி வேண்டும்.

சுற்றுலா ஊர்களில் கடை நடத்துகிறவர்களே, நம்பர் கேட்கிற அந்த நொடியில் கவுண்டரில் நிற்கிற பெண் என்ன சொல்லி, யாரிடம் பில்லை மாற்றிவிட வேண்டும் என்று பழக்குகிறீர்கள்?