ஆச்சியின் லேஸில் கத்தரி பட்டுவிட்டது: பழைய பாணி ரவிக்கை தைத்தவர்கள் சொல்லுங்கள்

நாஞ்சில்காரி
மூன்று மாதம் ஆகிறது, இன்னும் மனசு ஆறவில்லை. ஆச்சியின் டிரங்குப் பெட்டியில் கிடந்த லேஸ், இரண்டு விரல் அகலம், நாகர்கோவில் கைவேலை. வெள்ளை மல்லில் (மெல்லிய பருத்தித் துணி) ரவிக்கை வெட்டி, முன்பக்கம் வரிசையாகப் பின் டக், அதாவது ஊசி அகல மடிப்புத் தையல், நடுவில் இந்த லேஸ். முறை தெரியும்தானே, லேஸை மேலே வைத்து இரண்டு ஓரமும் தைத்துவிட்டு, அடியில் உள்ள மல்லை நடுவே கீறி இரு பக்கமும் மடித்துத் தைக்க வேண்டும். ராத்திரி பத்தரை மணி. கீறிக்கொண்டே வருகிறேன், கத்தரி நுனியில் லேசாக ஒரு தடங்கல். மடிப்புதான் என்று அழுத்திவிட்டேன். ‘சரக்’. திருப்பினால் பூவின் நடுவே மிளகளவு ஓட்டை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஊசிமுனை
கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த லேஸைத் தொட்டதே தப்பு. திண்டில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது அது. 1820களில் மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த வேலை. அந்தப் பக்கம் நாடார் பெண்கள் மேலே ஒரு துணி போடவே போராட வேண்டியிருந்தது. 1859இல்தான் திருவிதாங்கூர் அரசு இறங்கி வந்தது. அப்படிப்பட்ட ஊரின் லேஸை டெய்லரிங் கிளாஸ் துணி மாதிரி வெட்டலாமா? என்னிடம் இருக்கும் ஒரு முழத்தை இதுவரை தைக்கவில்லை.

கோவை சித்தி
தைக்காமல் பூச்சிக்கா கொடுக்கப் போகிறீர்கள் ஊசிமுனை? ரவிக்கை போடப் போராடினார்கள் என்று நீங்களே சொல்லிவிட்டு, போடாதே என்கிறீர்கள்!

என் கதை சின்னது. பஃப் கைக்கு புல்லியனில், அதுதான் ஊசியில் நூலைச் சுற்றிச் சுற்றி இழுக்கும் எம்பிராய்டரி, பதினோரு ரோஜா போட்டேன். அவசரத்தில் மேலேயே இஸ்திரி வைத்தேன். எல்லாம் அப்பளம்.

நாஞ்சில்காரி, ஒன்று சொல்கிறேன். மல்லை வெட்டுமுன் ஒரு ராத்திரி ஊறவைத்து, நிழலில் காயவைத்து விடுங்கள். இல்லையென்றால் முதல் துவைப்பில் துணி சுருங்கி லேஸ் அலை அலையாக நிற்கும். அரிசிக் கஞ்சி போட்டால் டக் நழுவாது. டக்குக்குப் பென்சில் கோடு வேண்டாம், துணியில் ஒரு இழையை உருவிவிட்டால் அதுவே கோடு. புல்லியனுக்குக் காது தடிக்காத நீள ஊசி வேண்டும், தடித்த காது சுற்றிய நூலுக்குள் சிக்கிக்கொள்ளும். இஸ்திரி போடும்போது டர்க்கி டவல் விரித்துக் குப்புறப் போட்டு, பின்பக்கம்தான். அப்புறம் அக்குள் பக்கம் தையலுக்குள் கொஞ்சம் துணி விட்டு வையுங்கள், நாமெல்லாம் உடம்பு பெருக்கிறவர்கள்.

டூ பை டூ
நான் டெய்லரிடம் கொடுத்தேன். பதினாறு டக் கேட்டால் நாலு போட்டு, ‘துணி பத்தலம்மா’ என்றார். மிச்சத் துணியில் என் பெண்ணின் பொம்மைக்குப் பாவாடையே வந்தது.

நாஞ்சில்காரி
சித்தி, ஊறவைத்துத்தான் வெட்டினேன், கஞ்சியும் போட்டேன். நான் கேட்க வந்தது வேறு. ஓட்டையைச் சுற்றி இழைகள் பிரிய ஆரம்பித்துவிட்டன. எப்படிப் பிடித்து நிறுத்துவது?

ஊசிமுனை
இனித் துவைக்காதீர்கள். அடியில் மெல்லிய வலைத்துணி வைத்து, ஒற்றை இழைப் பருத்தி நூலால் அறுந்த முனை ஒவ்வொன்றையும் அதோடு பிடியுங்கள். புது வெள்ளை நூல் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும், டீத் தண்ணீரில் முக்கி நிறம் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் ஒரு போட்டோ போடுங்கள், பின்பக்கம்.