அறுப்பின் பண்டிகை: பிள்ளைகள் ஒரு பக்கம், பெரியவர்கள் ஒரு பக்கம். சேர்ப்பது எப்படி?

டவுன்சபை எழுதியது:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். நாங்கள் மதுரைப் பக்கம் ஒரு டவுனில் இருக்கும் சி.எஸ்.ஐ. சபை, சுமார் 140 குடும்பம். இந்த வருஷம், விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக் கமிட்டியில் என் பெயரையும் போட்டுவிட்டார்கள். கூட்டத்துக்கு வராதவன் பெயரைத்தான் முதலில் எழுதுவார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

போன வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். ஆராதனை மட்டும் இரண்டே முக்கால் மணி நேரம். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் ஒரு ஆக்‌ஷன் சாங் பாடினார்கள், எல்லோரும் போனைத் தூக்கி வீடியோ எடுத்தார்கள், பாட்டு முடிந்த கையோடு டீச்சர்கள் அவர்களைப் பின்னால் ஹாலுக்குக் கூட்டிக்கொண்டு போய் கலர் அடிக்க பேப்பர் கொடுத்துவிட்டார்கள். வாலிபர்கள் பாதிப் பேர் பைக் நிறுத்தும் இடத்தில். காணிக்கையாக வந்த பொருட்களை ஏலம் விட்டு முடிய மதியம் ஒன்றரை ஆனது, முன் பெஞ்சில் இருந்த ஒரு தாத்தாவுக்கு சுகர் இறங்கி மயக்கமே வந்துவிட்டது, அவசரத்துக்கு ஏலத்துக்கு வைத்திருந்த வாழைப்பழத்தைத்தான் பிய்த்துக் கொடுத்தோம். சாப்பாடு கேட்டரிங், பார்சல். பெட்டியை வாங்கிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இரண்டு மணிக்குக் கோவில் வளாகத்தில் வாட்ச்மேன் அண்ணனும் நானும்தான்.

பண்டிகை நல்லபடியாக நடந்தது என்று மினிட்ஸில் எழுதியிருக்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூன்று வயதிலிருந்து எண்பது வயது வரைக்கும் ஒரே இடத்தில் இருந்து கொண்டாட என்ன செய்யலாம்? இன்னொரு சிக்கல், எங்கள் சபையில் வயல் உள்ளவர்கள் நாலு வீடு இருந்தால் அதிகம். மற்றவர்கள் சந்தையில் வாங்கிய தேங்காயைத்தான் கொண்டுவந்து வைக்கிறார்கள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தேரிக்காடு எழுதியது:

தம்பி, முதலில் அந்தப் பார்சலை நிறுத்துங்கள். மற்றதெல்லாம் பிறகு.

எனக்குத் திருநெல்வேலிப் பக்கம் பனங்காட்டுக்குள்ளே ஒரு ஊர். சபையே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் எங்கள் அசனப் பண்டிகையில் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருப்பது ஆராதனை இல்லை (சபைக் குருவானவர், எங்கள் ஐயர், மன்னிக்க வேண்டும்), அதற்கு முந்தின ராத்திரி நடக்கும் காய்வெட்டுதான். கோவிலுக்குப் பின்னால் படுதா விரித்து, டியூப் லைட் இரண்டு கட்டி, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் ஊரே வந்து உட்காரும். அரிவாள்மணை ஆச்சிமார்களுக்கு மட்டும். கத்திரிக்காயும் முருங்கைக்காயும் அவர்கள் கை படாமல் குழம்புக்குப் போகாது. சின்ன வெங்காயத்தைத் தண்ணீரில் ஊறப்போட்டு ஒரு அண்டாவில் வைத்துவிடுவார்கள், அதைச் சுற்றி நாங்கள், ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரைக்கும் உள்ள பொடியன்கள். யார் அதிகம் உரிக்கிறார் என்று போட்டி, கண்ணீர், மூக்கொழுகல், நடுவே ஒரு ஆச்சி தன் கல்யாணத்தன்று அசனத்தில் சோறு பத்தாமல் போன கதையைச் சொல்லும். அதே கதைதான் வருஷா வருஷம். சோறு பத்தாமல் போன பிறகு என்ன செய்தார்கள் என்பது மட்டும் ஒவ்வொரு தடவையும் மாறும். வாலிபர்கள் விறகு பிளப்பார்கள், தேங்காய் திருவுவார்கள். வேதாகமத்தில் இருக்கிற எந்தக் கதையையும் விட அந்த ராத்திரியில்தான் சபை என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது என்று சொன்னால் அது கொஞ்சம் அதிகம், ஆனால் பக்கத்தில் வரும்.

நீங்கள் கேட்பது மறுநாள் மேடையில் யாருக்கு என்ன ஐட்டம் கொடுக்கலாம் என்பது. ஐட்டம் கொடுத்தால் பாடிவிட்டு இறங்கிப் போய்விடுவான். வேலை கொடுங்கள், போகமாட்டான். கேட்டரிங் காசில் பாதியிலேயே நீங்கள் சமைத்துவிடலாம். எங்கள் கணக்கு நூறு பேருக்குப் பன்னிரண்டு கிலோ அரிசி. உங்கள் டவுனில் பத்து கிலோ போதும், நீங்கள் எல்லோரும் டயட்.

தேம்ஸ்கரை எழுதியது:

நான் இப்போது இருப்பது லண்டனுக்கு வெளியே. இங்கே செப்டம்பர் கடைசி, அக்டோபரில் இந்தப் பண்டிகை வரும். நாம் ஏதோ இவர்கள் ஆதிகாலத்திலிருந்து கொண்டாடுவதாக நினைக்கிறோம், இப்போதுள்ள வடிவம் 1843இல் கார்ன்வாலில் மார்வென்ஸ்டோ என்ற ஊரில் ராபர்ட் ஹாக்கர் என்ற குருவானவர் ஆரம்பித்து வைத்தது, அங்கிருந்து பரவியது. இங்கேயும் யாரிடமும் வயல் கிடையாது. சூப் டின், பாஸ்தா, பால் பவுடர் என்று கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் அடுக்குவார்கள், ஆராதனை முடிந்ததும் அது அப்படியே உணவு வங்கிக்குப் போகும். அதனால் வயல் இல்லை என்பது பெரிய சிக்கல் இல்லை, கொண்டுவந்தது எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

எல்லா வயதினருக்குமான ஆராதனை என்று இங்கே ஒரு வழக்கமே இருக்கிறது. ஒரு எச்சரிக்கை சொல்கிறேன். அந்தப் பெயரில் பெரும்பாலும் நடப்பது ஐந்து வயதுப் பிள்ளைக்கான ஆராதனை. பொம்மை வைத்துப் பிரசங்கம், கை காலை ஆட்டும் பாட்டு. பெரியவர்கள் பேரப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். என் மகளுக்குப் பதினான்கு வயது. அன்றைக்கு மட்டும் அவளுக்கு வயிற்றுவலி வந்துவிடும். போன தடவை அவளை புரொஜெக்டரில் ஸ்லைடு போட உட்கார வைத்தார்கள், வயிற்றுவலி இல்லை. தேரிக்காடு அண்ணன் சொன்னது சரிதான்.

பழைய பாமாலை எழுதியது:

எனக்கு எழுபத்தொன்று. மேலே எழுதியிருப்பவர்கள் சொல்வதில் எனக்குப் பாதிதான் சம்மதம்.

வேதாகமத்தில் நெகேமியா 8ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். புருஷர், ஸ்திரீகள், கேட்டு அறியத்தக்க அனைவரும் என்றுதான் இருக்கிறது. காலையிலிருந்து மத்தியானம் வரை நியாயப்பிரமாணத்தை வாசிக்கிறார் எஸ்றா, ஜனங்கள் கேட்கிறார்கள். யாரும் பிள்ளைகளை ஹாலுக்கு அனுப்பவில்லை, கலர் பென்சிலும் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கொழுமையானதைப் புசித்து மதுரமானதைக் குடித்து, ஒன்றும் இல்லாதவனுக்குப் பங்கு அனுப்புங்கள் என்று சொல்கிறார்கள். ஆகையால் ஆராதனையை வெட்டிச் சுருக்கிவிட்டு சாப்பாட்டை மட்டும் பெரிதாக்குவதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

என் பாட்டிக்கு எழுத்து தெரியாது. கோவிலில் பாமாலைப் புத்தகத்தை நான்தான் விரித்துப் பிடிக்க வேண்டும். எந்தப் பாட்டு என்று நான் எண்ணைப் பார்த்துப் புரட்டுவதற்குள் பாட்டி முதல் அடியைப் பாடி முடித்திருப்பாள், ஏனென்றால் அவளுக்கு எல்லாம் மனப்பாடம். பிறகு எதற்கு நான் பிடிக்கிறேன் என்று ஒரு நாள் கேட்டேன். "நீ படிக்கியான்னு பாக்கத்தான்" என்றாள். நான் தமிழ் வாசிக்கக் கற்றது பள்ளிக்கூடத்தில் பாதி, அந்தப் பெஞ்சில் பாதி. அவள் முந்தானையில் ஒரு கற்கண்டு முடிந்திருக்கும், இரண்டாவது பாடம் வாசிக்கும்போது அவிழும்.

இப்போது தாத்தா பாட்டி ஒரு பெஞ்ச், பெற்றோர் ஒரு பெஞ்ச், பிள்ளைகள் டீச்சரோடு. அன்றைக்கு ஒரு நாளாவது குடும்பமாக உட்காரச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் கிழவர்கள் இருக்கிறார்கள், நான் அதில் ஒருவன். எங்களோடு யாராவது வீட்டுப் பிள்ளையை உட்கார வையுங்கள், கற்கண்டு நாங்கள் கொண்டுவருவோம்.

சங்கீதம் 136ஐ, ஒருவர் வாசிக்க சபை பதில் சொல்லும்படி மாறி மாறி வாசிக்க வையுங்கள். மொத்தம் 26 வசனம், ஒவ்வொன்றும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று முடியும். எழுத்து தெரியாத பிள்ளைக்கும் கண் தெரியாத கிழவனுக்கும் நாலாவது வசனத்திலேயே அது வாய்க்கு வந்துவிடும்.

டவுன்சபை எழுதியது:

ஐயா, 136 அருமையான யோசனை, இதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டே முக்கால் மணி நேரம் நான் குறைத்தே ஆக வேண்டும், அதில் ஒரு மணி நேரம் அறிவிப்பும் பொன்னாடையும். அதை வெட்டினால் எஸ்றா கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

பழைய பாமாலை எழுதியது:

பொன்னாடையைத் தாராளமாக வெட்டுங்கள்.

ஒருதரம் இரண்டுதரம் எழுதியது:

ஏலத்தைப் பற்றி யாருமே பேசவில்லையே. எங்கள் சபையில் பதினைந்து வருஷமாக நான்தான் ஏலம் விடுகிறேன், அதனால் சொல்கிறேன்.

ஏலம் என்றால் வேடிக்கைதான், ஒரு எலுமிச்சம்பழம் இரண்டாயிரத்துக்குப் போகும், மாமனும் மச்சானும் வீம்புக்கு ஏற்றிக்கொண்டே போவார்கள், கோவிலுக்கு வருமானம். ஆனால் கையில் காசு உள்ள ஏழெட்டுப் பேர் விளையாட, மற்றவர்கள் பார்க்கிற விளையாட்டு அது. சில வருஷத்துக்கு முன்னால் ஒரு சின்னப் பெண், மூன்றாவது படிக்கும், அது வளர்த்த கோழி போட்ட முட்டை மூன்றை ஒரு டிபன் பாக்ஸில் வைக்கோல் போட்டுக் கொண்டுவந்திருந்தது. நான் மைக்கில் ஏதோ தமாஷ் பண்ணுவதாக நினைத்து, "மூணு முட்டை, கணக்குப் பரீட்சை மார்க் மாதிரி இருக்கு, யாருக்கு வேணும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பிள்ளை அம்மா சேலைக்குள் முகத்தை மூடிக்கொண்டது. கடைசியில் நானே நூறு ரூபாய்க்கு எடுத்தேன், அது போதவில்லை, எதுவும் போதாது. இரண்டு வருஷம் அந்தப் பிள்ளை எதுவும் கொண்டுவரவில்லை.

அதற்குப் பிறகு மாற்றிவிட்டோம். பிள்ளைகள் கொண்டுவருவது ஏலத்துக்கு வராது. தனி மேஜை, எது எடுத்தாலும் பத்து ரூபாய், விற்பதும் பிள்ளைகள்தான், ஒரு கல்லாப்பெட்டி, மேற்பார்வைக்கு ரிட்டயர்டு ஆன போஸ்ட்மாஸ்டர் ஒருவர். சில்லறை கொடுப்பதில் அவருக்கும் பிள்ளைகளுக்கும் நடக்கிற சண்டையைப் பார்க்கவே கூட்டம் கூடும். பெரிய ஏலத்தைப் பந்திக்கு அப்புறம் வைத்துவிட்டோம். வயிறு நிறைந்தவன் தாராளமாகக் கேட்பான், மயக்கமும் வராது.

டவுனில் என்ன கொண்டுவருவது என்று கேட்டிருந்தீர்கள். சந்தைத் தேங்காய் வேண்டாம். மாடியில் தொட்டியில் வைத்த கீரை, தைத்த தலையணை உறை, போட்ட ஊறுகாய், முதல் சம்பளத்தில் ஒரு பகுதி, அவரவர் கையால் விளைந்தது எதுவாக இருந்தாலும் சரி என்று இரண்டு மாதம் முன்னாலேயே அறிவித்துவிடுங்கள். ஜூன் மாதமே ஞாயிறு பள்ளியில் ஆளுக்கு நாலு வெண்டை விதை கொடுத்தால் ஆகஸ்டில் காய்த்துவிடும். தண்ணீர் ஊற்றுவது கட்டாயம் பாட்டிதான், அது வேறு விஷயம்.

மண்பானை எழுதியது:

நாங்கள் கத்தோலிக்கர், எங்களுக்கு இது பொங்கலோடு சேர்ந்துவிடும். அன்பியம் (பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு) வாரியாகக் கோவில் வளாகத்தில் அடுப்பு மூட்டிப் பொங்கல் வைப்போம். தனித்தனிக் குடும்பமாக வைக்காமல் பத்துப் பதினைந்து குடும்பத்துக்கு ஒரு பானை என்பதால் தானாகவே எல்லா வயதும் அடுப்பைச் சுற்றி நிற்கும். பொங்கி வழியும்போது கத்துவதற்கு வயசு வித்தியாசம் கிடையாது. பக்கத்துத் தெரு இந்துக் குடும்பங்களும் வருவார்கள். உபாகமம் 16இல் பண்டிகையில் சந்தோஷப்பட வேண்டியவர்கள் பட்டியலில் மகன், மகள், வேலைக்காரன், விதவை, திக்கற்ற பிள்ளை எல்லோரோடும் அந்நியனும் இருக்கிறான், அதனால் வாட்ச்மேன் அண்ணனைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவரும் நீங்களும் தனியாக நின்றதாக எழுதியிருந்தீர்கள், சாப்பிட்டாரா?

டவுன்சபை எழுதியது:

சாப்பிடவில்லை. பார்சல் தீர்ந்துவிட்டது. நானே பிறகுதான் கவனித்தேன், எழுதும்போது அதை விட்டுவிட்டேன்.

சரி, நேற்று கமிட்டி கூடியது. கேட்டரிங் ரத்து. பெரிய சண்டைக்குப் பிறகுதான், பாத்திரம் யார் கழுவுவது என்ற கேள்வியிலேயே முக்கால் மணி நேரம் போனது, வாலிபர் ஐக்கியச் செயலர் நாங்கள் கழுவுகிறோம் என்று சொன்னதும் பெண்கள் ஐக்கியத்தில் யாரும் நம்பவில்லை. காணிக்கைப் பவனி சங்கம் சங்கமாக இல்லை, ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் ஜோடியாகத்தான் எடுத்து வரவேண்டும். ஆராதனை ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் போகாது என்று ஐயர் வாக்குக் கொடுத்திருக்கிறார், பார்க்கலாம். பிள்ளைகளுக்கும் எழுபது தாண்டியவர்களுக்கும் முதல் பந்தி, வாட்ச்மேன் அண்ணன் குடும்பத்தோடு அதே பந்தியில். காய்வெட்டு சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி.

இப்போது புதுப் பிரச்சினை. எங்கள் சபையில் எல்லோர் வீட்டிலும் பலகையும் கத்தியும்தான், விசாரித்ததில் மொத்தமே இரண்டு அரிவாள்மணை. குறைந்தது எட்டு வேண்டும். மதுரைப் பக்கம் யாரிடமாவது பரணில் கிடக்கிறதா?

தேரிக்காடு எழுதியது:

எங்கள் ஆச்சியுடையது ஒன்று இருக்கிறது தம்பி. சனிக்கிழமை நானே கொண்டுவருகிறேன். பலகை கொஞ்சம் ஆடும், கீழே ஒரு மரச்சில்லு சொருகிக்கொள்ள வேண்டும். வெங்காயத்தை எனக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.