பழைய காபரேற்றரும் (எரிபொருளையும் காற்றையும் கலக்கும் பாகம்) கழித்த ஈசியூவும் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) தேவை, உதவுவீர்களா?

அண்ணாமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். கிளிநொச்சியில் வாகனத் திருத்தம் படிக்கும் பிள்ளைகளுக்குப் பின்னேரத்தில் வகுப்பு எடுக்கிறேன். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அவர்களுக்கு உயிர். அதை வைத்தே பழைய எளிய வடிவமைப்பையும் இன்றைய சிக்கலையும் விளங்கப்படுத்தப் போகிறேன்.

1987இல் வந்த பெராரி எஃப்40இல் பவர் ஸ்டீயரிங்கும் இல்லை, ஏபிஎஸ்ஸும் (பிரேக் அடிக்கும்போது சில்லு இறுகாமல் காக்கும் அமைப்பு) இல்லை. 2019இல் வந்த எஸ்எஃப்90இலோ இரட்டை டர்போ வி8 எஞ்சினோடு மூன்று மின்மோட்டர்கள். கியர்பெட்டியில் ரிவர்ஸ் கியரே கிடையாது. முன்சில்லுகளின் மோட்டர்கள்தான் காரைப் பின்னுக்கு எடுக்கின்றன. அருமையான வேலை. ஆனால் ஒரு சென்சர் பிழைத்தால் ஸ்பானரோடு மட்டும் போய் என்ன செய்வது?

சண்டைக் காலத்தில் இங்கே மொறிஸ், ஒஸ்ரின் கார்களைத் துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினோம். காபரேற்றர் எஞ்சின் என்பதால் சரிவந்தது. இன்றைய எஞ்சினில் அதை நினைக்கவே முடியாது.

பழுதான எஸ்யூ வகைக் காபரேற்றர் ஒன்று வேண்டும். உள்ளே இருக்கும் பிஸ்டனைப் பிள்ளைகள் விரலால் தூக்க, அது மெல்ல ஏறி, விட்டதும் டக்கென்று இறங்குவதைப் பார்க்க வேண்டும். கழித்த ஈசியூ ஒன்றும் கிடைத்தால் நல்லது. வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் கராச் வைத்திருப்பவர்கள் சொன்னால் நானே வந்து எடுப்பேன். அப்புறம், வெளிநாட்டில் இப்படியான கார்களில் வேலை செய்யும் எங்கட ஆக்கள் யாராவது ஒரு சனிக்கிழமை சூமில் பிள்ளைகளோடு கதைப்பீர்களா? இன்பொக்ஸில் எழுதுங்கள்.