ரத்தம் நின்றுவிட்டது, ஆனால் கால்ப்ரோடெக்டின் 420. ஸ்கோப் தேவையா?

நிலா அம்மா:
என் மகளுக்கு 11 வயது. போன வருடம் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்றார்கள், பெருங்குடல் முழுக்கப் புண். ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியாகிவிட்டது, இப்போது குடல் அழற்சியைக் குறைக்கும் மெசலமைன் மாத்திரை மட்டும். ரத்தம் இல்லை, சளி இல்லை, ராத்திரி எழுந்து ஓடுவதும் இல்லை, எடை ஏறி கபடி எல்லாம் ஆடுகிறாள். ஆனால் மலப் பரிசோதனையில் கால்ப்ரோடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்) 420 வந்திருக்கிறது, டாக்டர் ஸ்கோப் (கேமரா குழாயை விட்டுப் பெருங்குடலுக்குள் பார்ப்பது) பார்த்துவிடலாம் என்கிறார். நன்றாக இருக்கிற பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுத்து இது அவசியமா? மாமியார் மாத்திரையையே நிறுத்தச் சொல்கிறார்.

கதிர் அப்பா:
மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் சிஸ்டர். என் பையனும் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தான், ஸ்கோப்பில் பார்த்தால் குடலின் கடைசிப் பகுதி சிவந்து, தொட்டாலே ரத்தம் கசிந்தது. நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசாதியோபிரின் மாத்திரையைச் சேர்த்தார்கள். அது வேலை செய்யவே மூன்று மாதம் ஆகும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள், அதனால் பதறவில்லை. ஸ்கோப் ஒன்றுமில்லை, முந்தின நாள் பேதி மருந்துதான் பெரும்பாடு. ஃபிரிட்ஜில் நன்றாகக் குளிரவைத்து ஸ்ட்ரா போட்டுக் கொடுங்கள். சிவப்பு நிற ஜூஸ் மட்டும் வேண்டாம், உள்ளே ரத்தம் மாதிரித் தெரியும்.

வைகை:
குழந்தைகள் குடல் நோய்ப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். அறிகுறி அடங்குவது வேறு, குடலின் உள்சவ்வு ஆறுவது வேறு. கால்ப்ரோடெக்டின் 100க்குக் கீழே என்றால் பெரும்பாலும் ஆறியிருக்கும், 250ஐத் தாண்டினால் உள்ளே அழற்சி இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் ஒரே ஒரு ரிசல்ட்டை வைத்து முடிவு கட்ட வேண்டாம். வயிற்றுத் தொற்று இருந்தாலும், காய்ச்சலுக்கு ஐபுபுரூஃபன் கொடுத்திருந்தாலும் ஏறும். மறுபடி ஒருமுறை எடுத்து, கூடவே தொற்றுக்கும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அப்போதும் ஏறியே இருந்தால் ஸ்கோப்பைத் தள்ளிப்போடாதீர்கள். உள்சவ்வு முழுசாக ஆறிய பிள்ளைகளுக்குத்தான் நோய் திரும்ப வருவதும், மறுபடி ஸ்டீராய்டுக்குப் போவதும் குறைவு. குடல் அழற்சி நோய்களுக்கான சிகிச்சை இலக்குகளைச் சொல்லும், 2021ல் வந்த ஸ்ட்ரைட் 2 என்ற சர்வதேசப் பரிந்துரையிலும் அறிகுறி அடங்கினால் போதாது, ஸ்கோப்பில் ஆறியிருக்க வேண்டும் என்பதுதான் நீண்டகால இலக்கு.

இன்னொன்று, மாத்திரையை உண்மையிலேயே விழுங்குகிறாளா என்று பாருங்கள். இந்த வயதில் 'நானே போட்டுக்கறேன்' என்று வாங்கிக்கொண்டு டிராயரில் போட்டுவிடுவார்கள், திட்டாமல் பக்கத்தில் நின்று கொடுங்கள். எடை ஏறியிருப்பதால் டோஸ் பழைய எடைக்கே நின்றுவிட்டதா என்றும் கேளுங்கள், ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 60 முதல் 80 மில்லிகிராம் வரை கொடுப்பது வழக்கம். எல்லாம் சரியாக இருந்தும் ஆறவில்லை என்றால் மருந்தைக் கூட்ட வேண்டியிருக்கும், அது உங்கள் தவறே இல்லை. அமெரிக்கா, கனடாவில் நடந்து 2019ல் வெளிவந்த, இந்த நோய் வந்த குழந்தைகளைப் பற்றிய ப்ரொடெக்ட் ஆய்வில் ஒரு வருடம் கழித்து மெசலமைன் மட்டுமே போதுமாக, ஸ்டீராய்டு இல்லாமல் இருந்தவர்கள் சுமார் 38 சதவீதம்தான். மற்றவர்களுக்கு இன்ஃப்ளிக்ஸிமேப் போன்ற, அழற்சியை அடக்கும் ஊசி மருந்துகள் இருக்கின்றன.

நிலா அம்மா:
நன்றி சிஸ்டர். போன மாதம் காய்ச்சலுக்கு ஐபுபுரூஃபன் சிரப் கொடுத்தோம், அதை டாக்டரிடம் சொல்லவில்லை. நாளைக்கே சொல்லிவிட்டு சாம்பிள் கொடுக்கிறேன். இனி காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் கொடுக்கலாம் இல்லையா?

வைகை:
கொடுக்கலாம், எடைக்கேற்ற அளவில்.