மறு: மறு: பொட்டில்நெக் – முட்டுக்கட்டையா, ஒடுங்கிடமா?

(யாழ்ப்பாணத்திலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் தொகுக்கிற தமிழ்க் கலைச்சொற்பட்டியலில் 'பொட்டில்நெக்' (bottleneck, தொடர்வேலை ஒன்றின் மொத்த வேகத்தையும் தீர்மானிக்கிற கட்டம்) என்பதற்கு ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> பொட்டில்நெக் = முட்டுக்கட்டை. எல்லோருக்கும் தெரிந்த சொல். இதோடு முடித்துக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே?

மச்சானின் வெதுப்பகத்தில் மூன்று இரவு நின்றிராவிட்டால் நானும் சரி என்று விட்டிருப்பேன். முட்டுக்கட்டை என்பது வண்டிச் சில்லுக்குக் கீழே வைக்கிற கட்டை. எடுத்தெறிந்தால் வண்டி ஓடும். அந்தச் சொல்லைப் படிக்கிற எவரும் எதையாவது, யாரையாவது எடுத்தெறியத்தான் பார்ப்பார். மச்சான் அதைத்தான் செய்தார்.

கொக்குவில் பக்கம் சின்ன வெதுப்பகம், விறகுப் போறணை. விடிய 5 மணிக்குப் பாண் ஓட்டோக்காரர் வாசலில் வந்து நிற்பார்கள், பாண் வந்திராது. முதலில் 'மா பிசையிற பெடியன் நித்திரை தூங்குறான்' என்று பெடியனை மாற்றினார். பிறகு மெசின் காணாது என்று கடன்பட்டு இரண்டாவது மெசின் வாங்கினார். அதற்குப் பிறகுதான் பிரச்சினை பெரிதானது. பொங்கின மா யாருக்காகவும் காத்திருக்காது. ஈஸ்ற் தன் பாட்டில் வேலை செய்துகொண்டே இருக்கும். நேரம் கடந்தால் மா அமர்ந்து புளித்து மணக்கும். முதல் கிழமை தட்டுத் தட்டாக மாட்டுக்குப் போனது.

நான் போய்க் கணக்குப் பார்த்தேன். போறணை ஒரு தடவைக்கு 120 இறாத்தல் பாண் கொள்ளும். வேக 35 நிமிடம், இறக்கி அடுத்ததை ஏற்ற 10 நிமிடம். 45 நிமிடத்துக்கு 120 என்றால் மணித்தியாலத்துக்கு 160. மெசின் 20 நிமிடத்தில் 60 பாணுக்கு மா பிசையும், மணித்தியாலத்துக்கு 180. அதாவது பழைய மெசினே போறணையை முந்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது. இரண்டு மெசின் சேர்ந்தால் 360.

இதை வாயால் சொன்னபோது மச்சான் ஏற்கவில்லை. 'உங்கட கணக்கு கொம்பியூட்டருக்குச் சரி' என்றார். அம்மாவிடம் ஒரு கை புளியங்கொட்டை வாங்கி மேசையில் மூன்று பீரிஸ் வைத்தேன். பொங்கித் தயாரான மா, போறணை, இறக்கின பாண். ஒரு கொட்டை 10 பாண், ஒவ்வொரு அடியும் 5 நிமிடம். 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மெசினிலிருந்தும் சேர்த்து 12 கொட்டை முதல் பீரிசுக்குள் வரும். 45 நிமிடத்துக்கு ஒருமுறை 12 கொட்டை போறணைக்குப் போகும். ஈர விறகு எரியாமல் புகைகிற நாளும் உண்டே, அதற்கு லூடோப் பெட்டியிலிருந்து ஒரு தாயக்கட்டை: 6 விழுந்தால் 10 நிமிடம் கூட. கொட்டையை நகர்த்தினது மச்சான், நேரம் சொன்னது நான். 6 ஒருமுறையும் விழாத ஆட்டத்திலேயே மூன்று மணித்தியாலம் முடியும்போது 108 கொட்டை வந்து, 48 போறணைக்குப் போய், 60 முதல் பீரிசில் குவிந்து மேசையெல்லாம் சிந்திக் கிடந்தது. 600 பாணுக்கான மா.

மச்சான் குவியலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: 'எல்லாம் போறணை வாயிலதான் ஒடுங்குது.'

எனக்குச் சொல் அங்கேதான் கிடைத்தது. ஒடுங்கிடம். இங்கே 'ஒடுக்கமான ஒழுங்கை' என்பது அன்றாடப் பேச்சு; லொறியும் ஓட்டோவும் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னுக்குப் போக வேண்டிய ஒழுங்கை. ஒழுங்கை ஒன்றையும் மறிப்பதில்லை, அதன் அகலம் அவ்வளவுதான். அதற்கு மேல் எவ்வளவு அனுப்பினாலும் வாசலில்தான் நிற்கும். உற்பத்தி முகாமைத்துவம் பற்றி எழுதிய கோல்ட்ராட் சொன்னதும் இதைத்தானே: இந்த இடத்தில் போன ஒரு மணித்தியாலம் முழுத் தொழிற்சாலைக்கும் போன மணித்தியாலம், வேறெங்கோ மிச்சம் பிடித்த மணித்தியாலம் வெறும் மாயை. மச்சான் அந்த மாயைக்குத்தான் கடன் கட்டுகிறார்.

'போத்தற்கழுத்து' என்று ஒருவர் எழுதியிருந்தார். வாசித்துச் சிரித்தேன், மன்னிக்கவும். 'தடங்கல்' மின்வெட்டுக்குப் போய்விட்டது. 'நெரிசல்' விளைவின் பெயர், காரணத்தின் பெயர் இல்லை.

அடுத்தது சிமுலேசன், நாங்கள் கொட்டையை வைத்து நடத்திப் பார்த்தது. பட்டியலில் 'பாவனை' என்று இருக்கிறது. தமிழ்நாட்டு நண்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இலங்கையில் பாவனை என்றால் பயன்பாடு. மின்கட்டணம் கட்டுகிறவர் 'மின் பாவனையாளர்'. 'பாவனை மென்பொருள்' என்று எழுதினால் எங்கள் பிள்ளைகள் 'எதைப் பாவிக்கிறது?' என்று கேட்பார்கள். 'உருவகம்' என்று வைக்கலாமென்றால், அது தமிழ்ப் பாடத்தில் அணி இலக்கணத்துக்குள் இருக்கிறது. முகத்தைத் தாமரை என்பதும் கொட்டையைப் பாண் என்பதும் ஒன்றுதான் என்று யாராவது வாதாடலாம், நான் வரவில்லை. 'போலச்செய்தல்' போலியைக் கூட்டிக்கொண்டு வருகிறது. என் ஓட்டு 'ஒத்திகை'க்கு. காசும் மாவும் செலவாகுமுன் ஒருமுறை நடத்திப் பார்க்கிறது.

- - -

(கோவையிலிருந்து)

நண்பருக்கு வணக்கம். போறணை என்றால் பேக்கரி அடுப்பு என்று அகராதியைத் திறந்து தெரிந்துகொண்டேன். பாவனை விஷயம் உண்மையிலேயே எனக்குப் புதுசு. அந்தச் சொல்லை முன்மொழிந்தவன் நான்தான், திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

ஒடுங்கிடம் பற்றி மூன்று சந்தேகங்கள்.

இங்கே ஒடுக்கு என்றதும் ஒடுக்குமுறைதான் ஞாபகம் வரும். அதுபோக, வேதியியல் பாடத்தில் 'ஒடுக்கம்' ஏற்கெனவே ஒரு கலைச்சொல், ஆக்சிஜனேற்றத்துக்கு எதிர்ப்பக்கம். இரண்டாவது, 'இடம்' என்றால் அசையாமல் இருப்பது. நான் பம்ப் கம்பெனியில் இருபது வருஷம் குப்பை கொட்டியவன். எங்கள் லைனில் இது காலையில் லேத்தில் இருக்கும், மதியம் பெயின்ட் பூத்தில் இருக்கும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். நெரிசல் இருந்தாலே ஒடுங்கிடம் என்று படிப்பவர் நினைத்துவிடக் கூடாது. ஒரே ஒரு கவுன்ட்டர், ஆளுக்குச் சராசரி 6 நிமிடம், ஆட்கள் வருவதும் ஒழுங்கில்லை, வேலை முடிவதும் ஒழுங்கில்லை என்று வையுங்கள். வரிசைக் கோட்பாட்டின் (வரிசையில் காத்திருப்பதைக் கணக்கிடும் கணிதம்) மிக எளிய சூத்திரப்படி, கவுன்ட்டர் 80 சதவீத நேரம் வேலையில் இருந்தால் சராசரிக் காத்திருப்பு 24 நிமிடம். 90 சதவீதம் என்றால் 54. 95 என்றால் 114 நிமிடம். கவுன்ட்டருக்குக் கொள்ளளவு மிச்சம் இருக்கிறது, ஆனாலும் ஜனம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் நிற்கிறது. இதைக் குறுகல் என்று சொல்வீர்களா? ஏற்ற இறக்கம்தானே காரணம்? டென்மார்க் கணிதவியலாளர் எர்லாங் 1909இலேயே கோபன்ஹேகன் தொலைபேசி இணைப்புகளை வைத்து இந்த மாதிரிக் கணக்கைத் தொடங்கிவிட்டார். நம் ஆட்கள் இன்னும் 'ஸ்டாஃப் சோம்பேறி' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்புறம் ஒத்திகை. நாடக ஒத்திகையில் கதை எப்படி முடியும் என்று முன்னாலேயே தெரியும். உங்கள் தாயக்கட்டையில் தெரியாது. ஆயிரம் தடவை ஓட்டி, விடைகள் எங்கே பரவி நிற்கின்றன என்று பார்ப்பதுதானே இதன் உயிர்? ஒத்திகைக்குள் அந்த ஆயிரம் அடங்குமா?

- - -

(மானிப்பாயிலிருந்து)

நான் இளைப்பாறிய இரசாயன ஆசிரியை. கோவைத் தம்பி சொன்ன ஒடுக்கம் இங்கே 'தாழ்த்தல்'. முப்பது வருசம் ஒட்சியேற்றமும் தாழ்த்தலும்தான் கரும்பலகையில் எழுதினேன், ஆகவே எங்களுக்கு மோதல் இல்லை. உங்களுக்கும் இருக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத் தம்பி வைத்தது 'ஒடுங்கு', நீங்கள் பயப்படுவது 'ஒடுக்கு'. முன்னது தன்வினை, பின்னது பிறவினை. ஒடுங்குகிற இடம், வினைத்தொகையாக ஒடுங்கிடம். ஒருவரும் ஒருவரையும் ஒடுக்கவில்லை.

பொட்டில்நெக் என்றே எழுதிவிட்டால் என்ன என்று போன கிழமை ஒருவர் கேட்டிருந்தார். கேட்கலாம். எங்கள் ஊரில் மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்த சாமுவேல் கிறீன் வைத்தியர் 1875இல் வந்த இரசாயன நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்றுதான் பெயர் வைத்தார். உடற்கூற்றுக்கு அங்காதிபாதம் என்று எழுதிய அதே ஆள். சனத்துக்குத் தெரிந்த உறுப்புக்குச் சனத்தின் சொல்லை எடுத்தார், புதிதாக வந்த கல்விக்கு வந்த பெயரையே விட்டார் என்று நான் விளங்கிக்கொள்கிறேன். ஒடுங்குகிறது எங்களுக்குப் புதிதா என்ன? கெமிஸ்தம் நிற்கவில்லை என்பதையும் பாருங்கள். அதேபோல் வெதுப்பகம் என்ற சொல் பெயர்ப்பலகையில் நின்றுவிட்டது, பாணை மட்டும் ஒருவராலும் வெதுப்பி ஆக்க முடியவில்லை. எது நிற்கும் என்று நாங்கள் சொல்ல ஏலாது, தம்பி. நல்லதாக வைத்துவிட்டுப் போவம்.

- - -

(யாழ்ப்பாணத்திலிருந்து)

ரீச்சருக்கு நன்றி. தன்வினை, பிறவினை எனக்குத் தோன்றவே இல்லை. காதுக்குச் சரியாக இருக்கிறது என்று மட்டும்தான் வைத்தேன்.

கோவை அண்ணா, 'இடம்' அசையாது என்றீர்கள். அசைந்த கதை ஒன்று என்னிடமே இருக்கிறது. போன மடலில் சொல்லாமல் விட்டேன்.

இன்னொரு போறணை கட்டக் காசு இல்லை. ஆகவே அந்த 10 நிமிடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெந்த பாணை இறக்கிய பிறகுதான் அடுத்த தட்டுகளை எங்கிருந்தோ தேடி எடுத்து வருகிறார்கள். பாண் தள்ளுகிற நீளக் கட்டை வெளியே விறகோடு சாய்ந்து கிடக்கிறது. பாண் இறங்கினவுடன் எல்லோருக்கும் ஒன்றாகத் தேத்தண்ணி. அவ்வளவு நேரமும் போறணை வாய் திறந்து, சூட்டையும் விட்டுக்கொண்டு சும்மா இருக்கிறது. ஜப்பானியப் பொறியியலாளர் ஷிங்கோ தொழிற்சாலை மெசினில் அச்சு மாற்றும் வேலையை இரண்டாகப் பிரித்தாரே, மெசின் ஓடும்போதே செய்யக்கூடியது, நின்றால்தான் செய்யக்கூடியது என்று? அதே பிரிப்புத்தான். தட்டுகள் முன்கூட்டியே வாசலில் அடுக்கி இருக்கும். கட்டைக்குச் சுவரில் ஒரு ஆணி. தேத்தண்ணி, பாண் வேகிற நேரத்தில். 10 நிமிடம் 4 ஆனது.

இப்போது 39 நிமிடத்துக்கு 120, அதாவது மணித்தியாலத்துக்கு 185 அளவில். ஒரு மெசின் 180. கவனித்தீர்களா? ஒரு மெசினை நிறுத்திவிட்டால் ஒடுங்கிடம் போறணையை விட்டு மெசினுக்குப் போய்விடுகிறது. ஒன்றையும் எடுத்தெறியவில்லை, அது இடம் மாறியது. இடம் என்ற சொல் இருப்பதால்தான் 'இடம் மாறியது' என்று இவ்வளவு லேசாகச் சொல்ல முடிகிறது. 'முட்டுக்கட்டை மாறியது' என்று சொல்லிப் பாருங்கள்.

மூன்றாவது சந்தேகத்தை அப்படியே ஏற்கிறேன். 24, 54, 114 என்ற அந்த வரிசையைச் சொற்பட்டியலின் விளக்கத்திலேயே போட வேண்டும். என் கொட்டை ஆட்டத்திலும் அது தெரிந்தது: 6 விழுந்த ஆட்டங்களில் குவியல் சீராக ஏறாமல் திடீரென்று ஏறியது. ஆகவே நெரிசல் தனி உள்ளீடு, ஒடுங்கிடம் தனி உள்ளீடு. நெரிசலுக்குக் கீழே 'காரணம் ஒடுங்கிடமாகவும் இருக்கலாம், ஏற்ற இறக்கமாகவும் இருக்கலாம்' என்று ஒரு வரி.

ஒத்திகைக்கு நீங்கள் சொன்னது என்னைக் குழப்பிவிட்டது. பிறகு அந்தக் கொட்டை ஆட்டத்தையே பைதன் நிரலாக எழுதி ஆயிரம் இரவு ஓட்டினேன். 'ஆயிரம் ஒத்திகை' என்று மச்சானிடம் சொன்னபோது, ஆயிரம் தரம் பழகியும் பிழைக்கிற கூத்துக்காரர் யார் என்று கேட்டார். 'ஒப்போட்டம்' என்று ஒன்று யோசித்தேன், ஒத்ததை ஓட்டிப் பார்க்கிறது. ஒவ்வொரு முறையும் ஓட்டம், மொத்தமாக ஒப்போட்டம். கரைச்சல் என்னவென்றால் 'நூறு ஓட்டங்கள் எடுத்தோம்' என்று எழுதினால் இங்கே கிரிக்கெட் ஸ்கோர் கேட்பார்கள். 'தடவை' என்று எழுதித் தப்பலாம். ஒத்திகை, ஒப்போட்டம் இரண்டையும் போட்டு வைக்கிறேன், வெட்டுகிறவர் வெட்டுங்கள்.

பட்டியலில் இன்று மாற்றியது:

ஒடுங்கிடம் – பெயர்ச்சொல். தொடர்வேலை ஒன்றில் மொத்த வேகத்தையும் தீர்மானிக்கும் கட்டம். விரிவாக்கினால் வேறொரு கட்டத்துக்கு இடம் மாறும். எ-டு: இந்த வெதுப்பகத்தின் ஒடுங்கிடம் போறணை.

கடைசியாக, சொல்லுக்குச் சம்பந்தமில்லாதது. மணித்தியாலத்துக்கு ஐந்து பாண் வித்தியாசத்துக்கு இரண்டு மெசின் தேவையில்லை என்று மச்சானுக்கு விளங்கிவிட்டது. புது மெசின், மூன்று மாதமும் ஓடவில்லை. தேவைப்படுகிறவர்கள் தனிமடல் போடுங்கள். ஆனால் உங்கள் போறணையை ஒருக்கால் அளந்துவிட்டுப் போடுங்கள்.