ரப்பர் பிளான்ட் வளர்க்கிறவங்க உங்க அனுபவத்தை சொல்லுங்க

பால்கனி பைத்தியம் (சென்னை):
நானே ஆரம்பிக்கிறேன். எங்களுது மூணாவது மாடி பிளாட், கிழக்கு பார்த்த ஹால். இலையெல்லாம் கருஞ்சிவப்பா மினுமினுன்னு இருக்குமே அந்த பர்கண்டி வகை, ஜன்னலை ஒட்டி வச்சிருக்கேன். வந்த புதுசுல அடி இலை ஒண்ணு ரெண்டு கொட்டுச்சு, நர்சரியில நிழல்வலைக்கு கீழ இருந்தது வீட்டு வெளிச்சத்துக்கு வந்தா கொஞ்சம் கொட்டத்தான் செய்யும், அப்புறம் தானா நின்னுடுச்சு. அதுக்கப்புறம் சூப்பரா போயிட்டிருந்தப்பதான் மாமியார் ஊர்லேர்ந்து வந்தாங்க. காலையில குளிச்சிட்டு துளசிக்கு ஊத்தின கையோட இதுக்கும் ஒரு சொம்பு. பாவம் அவங்க பாசமாதான் ஊத்தினாங்க, "வாடி நிக்குது பாரு"ன்னு ஒரு இலை தொங்கினா இன்னொரு சொம்பு. திடீர்னு கீழேர்ந்து வரிசையா மஞ்சளாக ஆரம்பிச்சிச்சு. என்னடான்னு வெளிய இருக்கிற அழகு செராமிக் தொட்டியிலேர்ந்து உள்தொட்டியை தூக்கிப் பார்த்தா அடியில தண்ணி தேங்கி நாறுது! அந்த அழகுத் தொட்டியில ஓட்டையே கிடையாது, நிறைய பேர் வீட்டுல செடி சாகுறது இதனாலதான்னு நினைக்கிறேன். அழுகின வேரை வெட்டிட்டு செம்மண், தேங்காய் நார்த்தூள், மண்புழு உரம், கொஞ்சம் பெர்லைட் (தண்ணி வடியறதுக்கு போடுற லேசான வெள்ளைத் துகள்) கலந்து மாத்தி வச்சேன், பொழச்சிக்கிச்சு. இப்ப விரலை ரெண்டு கணு அளவுக்கு உள்ள விட்டுப் பார்த்து, காஞ்சிருந்தா மட்டும்தான் தண்ணி. அத்தை இன்னும் என்மேல கோவமாதான் இருக்காங்க, செடியை காயப்போடுறேனாம்.

நாஞ்சில்காரன்:
எங்க அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுன ஆளு. நான் இதை வாங்கிட்டு வந்து சிட்அவுட்ல வச்சதும் "இது ரப்பராலே? எங்க வெட்டணும்னு காட்டு"ன்னு ஒரே சிரிப்பு. அவர் சொல்றது நியாயம்தான் மக்கா. தோட்டத்துல நிக்கது பிரேசில் பக்கத்து மரம், மூணு மூணு இலையா இருக்கும், வருஷா வருஷம் இலை உதிர்க்கும். நம்ம தொட்டியில இருக்கது ஆல், அரசு, அத்தி இதோட சொந்தக்காரன், அசாம், மேகாலயா, பர்மா காட்டு மரம். வெள்ளைக்காரன் காலத்துல இதுலயும் பால் எடுத்திருக்கான், பிரேசில் மரம் வந்தப்புறம் இதை விட்டுட்டான். ஆனா பால் நிஜமாவே ஒழுகும் கேட்டியளா, கிளை வெட்டும்போது கீழ பழைய பேப்பர் விரிச்சிடுங்க, மொசைக் தரையில பட்டு காஞ்சா கறுத்துப்போய் சுரண்டிதான் எடுக்கணும். கையில பட்டா சிலருக்கு அரிக்கும், கண்ணுல படவே கூடாது.

மியாவ் அம்மா:
பூனை நாய் வச்சிருக்கவங்க இதை எட்டாத இடத்துல வைங்க ப்ளீஸ். எங்க வீட்டு வாலுப் பூனை இலையை கடிச்சிட்டு வீடு பூரா வாந்தி.

கோவை பச்சை:
என்கிட்ட இருக்கிறது டினேக், வெள்ளையும் பச்சையும் கலந்து ஓரத்துல லேசா ரோஸ் அடிக்குமே அது. இதுக்கு சாதா பச்சை ரப்பரை விட வெளிச்சம் அதிகம் வேணும், ஏன்னா வெள்ளைப் பகுதியில பச்சையமே இல்ல. சரி வெளிச்சம்தானே கேக்குதுன்னு சித்திரை வெயில்ல மேற்குப் பக்கம் வச்சா வெள்ளைப் பகுதிதான் முதல்ல கருகும், கருகின இடம் திரும்ப ஆறாது, அந்த இலை இருக்கிற வரைக்கும் அப்படியேதான். காலை வெயில் ஓகே. அப்புறம் நுனியில சிவப்பா ஊசி மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கிறதை பாத்துட்டு வர்றவங்க எல்லாரும் பூ வருதான்னு கேக்குறாங்க, அது புது இலையோட உறைங்க, இலை விரிஞ்சதும் காஞ்சு விழுந்துடும், பிச்சு எடுக்காதீங்க. இலை பளபளப்புக்கு தேங்கா எண்ணெய் தடவ சொல்றாங்க யூடியூப்ல, தூசி வந்து அதுலயே ஒட்டிக்கும், ஈரத்துணி போதும். மாவுப்பூச்சி வந்தா வேப்பெண்ணெய் 5 மில்லி ஒரு லிட்டர் தண்ணியில, ரெண்டு சொட்டு சோப்பு கரைசல் விட்டு சாயங்காலமா அடிங்க, இலைக்கு அடிப்பக்கம் முக்கியம்.

திருச்சி மாடிவீடு:
தொட்டியில அடங்கலைன்னு யாராவது தரையில நட நினைச்சா ஒரு நிமிஷம். எங்க பெரியப்பா வீட்டு காம்பவுண்ட் ஓரமா நட்டாங்க, மாடி உயரம் வந்து செம நிழல், தெருவே பெருமையா பேசும். அப்புறம் போர்டிகோ டைல்ஸ் தூக்குச்சு, சுவர்ல விரிசல், கடைசியில தரைக்கடியில இருக்கிற தண்ணி சம்புக்குள்ள வேர் போயிடுச்சு. மரத்தை வெட்ட ஆன செலவை விட சம்பு கட்டின செலவு அதிகம். மேல சொன்ன மாதிரி இது ஆலமரத்து சாதிங்க, விழுது விடும்.

பால்கனி பைத்தியம்:
ஐயோ சம்பா!! நல்லவேளை எனக்கு தரையே இல்ல.

ஊர்சுத்தி:
அதே வேரை வச்சுதான் மேகாலயாவுல பாலமே கட்டுறாங்க. சிரபுஞ்சி பக்கம் நோங்ரியாட்னு ஒரு கிராமம், ஆயிரக்கணக்கான படி இறங்கணும், முட்டி கழண்டுடும், அங்க ஓடைக்கு மேல ஒண்ணுக்கு மேல ஒண்ணா ரெண்டடுக்கு வேர்ப்பாலம். அங்க இருக்கிற காசி பழங்குடி மக்கள் இந்த மரத்தை கரையில நட்டு, குடைஞ்ச பாக்குமரத் தண்டுக்குள்ள வேரை விட்டு அக்கரைக்கு கொண்டுபோறாங்க. ஆள் நடக்கிற மாதிரி ஆக பல வருஷம் பிடிக்குது, நட்டவங்க பிள்ளைங்க நடக்கிற கணக்குதான். 2022ல யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியல்லயும் சேர்ந்திருக்கு. நான் அந்த வேரைத் தொட்டுப் பாத்துட்டு என் வீட்டு எட்டு இஞ்ச் தொட்டியை நினைச்சு சிரிச்சேன். இன்னொண்ணு, அங்க மழைன்னா அப்படியொரு மழை, ஆனா மரம் நிக்கிறது சரிவுல பாறையைப் பிடிச்சுக்கிட்டு, தண்ணி நிக்காம ஓடிடுது. தொட்டிக்குள்ள தேங்குறதும் அதுவும் ஒண்ணு இல்ல.

கோத்தகிரி குளிர்:
இங்க மார்கழியில ஜன்னல் கண்ணாடியை ஒட்டி வச்சா இலை கொட்டுது, உள்ள தள்ளி வச்சா நிக்குது. குளிர்காலத்துல தண்ணியும் பாதியா குறைச்சிடுவேன்.

புதுத்தோட்டக்காரி:
எனக்கு ஒரு டவுட். ஒரு இலையை மட்டும் தண்ணியில போட்டு வச்சேன், வேர் வந்து ரொம்ப நாளாச்சு, குருத்தே வரலையே?

கோவை பச்சை:
வராதுங்க தங்கச்சி. கணு இல்லாத இலை வேர் விட்டுக்கிட்டு அப்படியே இருக்கும், செடியாகாது. கணுவோட தண்டு வேணும். உயரமா போயிருந்தா பதியம் போடுங்க, கணுவுக்கு கீழ தோலை வளையமா ஒரு இஞ்ச் சீவி எடுத்துட்டு, பாலை துடைச்சு, ஈர நார்த்தூளை வச்சு பாலிதீன் கவரால ரெண்டு பக்கமும் இறுக்கி கட்டிடுங்க. கவர் வழியாவே வேர் தெரியும்.

புதுத்தோட்டக்காரி:
வேர் தெரிஞ்சதும் வெட்டிடலாமாக்கா?

கோவை பச்சை:
அவசரப்படாதீங்க. வெள்ளை வேர் ஒடிஞ்சிடும், கவர் நிறைய பரவி பழுப்பு கட்டினப்புறம் அடியில வெட்டி நடுங்க. தாய்ச்செடியை தூக்கிப் போட்டுடாதீங்க, வெட்டின இடத்துக்கு கீழேர்ந்து ரெண்டு மூணு கிளை அடிக்கும்.