ஒலி வழியா டேட்டா அனுப்பறேன், எதிர்ப்பக்கம் குப்பையா வருது (அவசரம்)

நட்டுபோல்ட்டு:
போன்ல ஒரு வெப் பேஜ், லேப்டாப்ல ஒரு வெப் பேஜ். போன் ஸ்பீக்கர் 18500 ஹெர்ட்ஸ்ல கத்தினா 0, 19500னா 1. லேப்டாப் அதைக் கேட்டு எழுத்தா மாத்தணும். டெஸ்ட்ல நூத்துக்கு நூறு சரியா வருது, நிஜத்துல குப்பை. பாதி நேரம் குப்பைகூட வரல. கோட்ல தப்பு இல்ல, நாலு தடவை பாத்தாச்சு. நாளைக்கு டெமோ. ப்ளீஸ்.

அலைக்கற்றை:
டெஸ்ட் என்று எதைச் சொல்கிறீர்கள்? ஒலி காற்று வழியாகப் போனதா, இல்லை சாம்பிள் வரிசையை நேரே டிகோடர் கையில் கொடுத்தீர்களா? தூரம் எவ்வளவு? ஒரு பிட்டுக்கு எத்தனை மில்லிசெகண்ட்? சாம்பிள் ரேட் (ஒலியை ஒரு செகண்டுக்கு எத்தனை முறை அளக்கிறது)? இதெல்லாம் இல்லாமல் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

கீச்சுக்குரல்:
நான் ஜோசியமே சொல்றேன்: நாய்ஸ் சப்ரெஷன். மைக்கைத் திறக்கிற கெட்யூசர்மீடியாவுக்கு வெறும் ‘ஆடியோ: ட்ரூ’ கொடுத்திருப்பீங்க. அப்படிக் கொடுத்தா பிரவுசர் மைக்கைப் பேச்சுக்குன்னு தயார் பண்ணும். விடாம ஒரே சுருதியில வர்ற ஒலியை ஃபேன் சத்தம்னு நினைச்சு அமுக்கிடும். எக்கோ கேன்சலேஷன், நாய்ஸ் சப்ரெஷன், ஆட்டோ கெயின் கன்ட்ரோல் மூணையும் ஃபால்ஸ் ஆக்கிட்டு வாங்க.

மூத்தஅதிர்வு:
தம்பி, நைக்விஸ்ட் என்ற பெயரைக் கேள்விப்பட்டதுண்டா? சாம்பிள் ரேட்டில் பாதிக்கு மேல் உள்ள அதிர்வெண் எதுவும் பிடிபடாது. அடிப்படையைப் படிக்காமல் கோட் எழுதினால் குப்பைதான் வரும். ஒரு கியூஆர் கோடு காட்டினால் முடிகிற வேலைக்கு இவ்வளவு கூத்து.

கீச்சுக்குரல்:
44100ன்னு வச்சாலும் பாதி 22050. 19500 அதுக்குள்ளதானே சார் இருக்கு?

நட்டுபோல்ட்டு:
டெஸ்ட்னா அர்ரேயை நேரா குடுத்தேன். 1 மீட்டர் இருக்கும். பிட்டுக்கு 5 மில்லிசெகண்ட், செட்டைம்அவுட் (பிரவுசர் டைமர்) வச்சு மாத்தறேன். பிரவுசரோட ஆடியோ கான்டெக்ஸ்ட் சாம்பிள் ரேட் 48000னு காட்டுது. மூணையும் ஃபால்ஸ் பண்ணியாச்சு. அப்பவும் வரல.

அலைக்கற்றை:
அப்படியானால் உங்கள் டெஸ்டில் காற்றும் இல்லை, கடிகாரமும் இல்லை. ரெண்டு தப்பு இங்கிருந்தே தெரிகிறது.

ஒன்று, செட்டைம்அவுட். 5 கேட்டால் ஒரு முறை 5 வரும், அடுத்த முறை 9 வரும். டேப் பின்னால் போனால் ஒரு செகண்டுக்கு ஒரு தடவைதான் எழும். ஆடியோ கான்டெக்ஸ்டின் கரன்ட்டைமை (ஒலிக்கென்றே உள்ள கடிகாரம்) எடுத்து, எல்லா பிட்டுக்கும் நேரத்தை முன்கூட்டியே ஃப்ரீக்வென்சி செட்வேல்யூஅட்டைம் மூலம் எழுதி வையுங்கள். பிட்டுக்குப் பிட் ஆஸிலேட்டரை (சுருதியை எழுப்பும் பகுதி) நிறுத்திப் புதிதாகத் தொடங்காதீர்கள். அலை வெட்டுப்படும் இடத்தில் ‘டிக் டிக்’ என்று காதுக்கே கேட்கும். செய்தியின் முதலிலும் முடிவிலும் 5 மில்லிசெகண்ட் ஒலியளவை ஏற்றி இறக்கினால் போதும்.

இரண்டு, எதிரொலி. ஒலி செகண்டுக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகிறது. சுவரில் பட்டு 5 மீட்டர் கூடுதலாகச் சுற்றி வரும் அலை 15 மில்லிசெகண்ட் தாமதமாக வந்து சேரும். அதற்குள் நீங்கள் மூன்று பிட் தள்ளிப் போயிருப்பீர்கள். சின்னத்தை (ஒரு தடவை ஒலிக்கும் சுருதி) 40 மில்லிசெகண்டுக்கு நீட்டுங்கள். வேகம் போகுமே என்றால் ரெண்டு சுருதிக்குப் பதில் 16 சுருதி: 17500இல் தொடங்கி 100 ஹெர்ட்ஸ் இடைவெளியில் 19000 வரை. ஒரு சின்னத்துக்கு 4 பிட், செகண்டுக்கு 25 சின்னம், ஆக 100 பிட். டிகோடரில் முதல் 10 மில்லிசெகண்டைத் தூக்கி எறிந்துவிட்டு மீதி 1440 சாம்பிளில் கோர்ட்செல் (குறிப்பிட்ட ஒரு அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் கணக்கு) ஓட்டுங்கள். அதிர்வெண் கட்டம் ஒன்று 33.3 ஹெர்ட்ஸ், அடுத்தடுத்த சுருதிகள் சரியாக மூன்று கட்டம் தள்ளி விழும்.

மூத்தஅதிர்வு:
மீயொலியில் எதிரொலி ஒரு பொருட்டே அல்ல, சீக்கிரம் தேய்ந்துவிடும்.

சன்னலோரம்:
ஐயா, 18500 மீயொலியே இல்லை. 20000க்கு மேல் போனால்தான் மீயொலி. சின்னப் பிள்ளைகளுக்கு 18500 நன்றாகவே கேட்கும். அறைக்குள் ஒன்றிரண்டு மீட்டரில் அப்படியொன்றும் தேய்ந்துவிடாது.

மூத்தஅதிர்வு:
பெரியவர்கள் காதுக்கு எட்டாதது மீயொலி. நடைமுறையில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

சன்னலோரம்:
பாடப்புத்தகம் அப்படிச் சொல்லவில்லை. 20க்குக் கீழே குற்றொலி, 20000க்கு மேலே மீயொலி. நடுவில் உள்ளது செவியுணர் ஒலி, அது யார் காதாக இருந்தாலும்.

கீச்சுக்குரல்:
நாய்க்கு 40000ம் கேட்கும், அதுக்கு இதெல்லாம் தாலாட்டு. இழைக்கு வருவோமா?

சன்னலோரம்:
வருவோம். நட்டுபோல்ட்டு, டிகோடரை மூடி வைத்துவிட்டு இதைச் செய்யுங்கள். போனில் 1000 முதல் 20000 வரை 10 செகண்டில் ஏறும் ஒரு ஸ்வீப். ஒலியளவு 70 சதவீதம், அதற்கு மேல் வேண்டாம். லேப்டாப் பேஜ் எந்த மைக்கைக் கேட்கிறதோ அதே மைக்கில் வேவ் கோப்பாகப் பதியுங்கள் (எம்பி3 வேண்டாம், அது மேல் பகுதியை வெட்டிவிடும்). ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராம் (எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் என்று காட்டும் படம்) பாருங்கள், சாய்ந்த கோடு ஒன்று தெரியும். 16000, 17000 பக்கம் மெல்ல மங்கினால் ஸ்பீக்கரோ மைக்கோ அவ்வளவுதான். கோடு விட்டு விட்டு வந்தால் நாய்ஸ் சப்ரெஷன் இன்னும் ஓடுகிறது. இரு மடங்கு அதிர்வெண்ணில் இன்னொரு கோடும் ஓடினால் ஸ்பீக்கர் திணறுகிறது. கத்தரித்த மாதிரி ஒரே இடத்தில் நின்றால் அந்த எண்ணைச் சொல்லுங்கள்.

நட்டுபோல்ட்டு:
8000ல கத்தரிச்ச மாதிரி நிக்குது. அதுக்கு மேல கருப்பு.

சன்னலோரம்:
லேப்டாப்பில் புளூடூத் ஹெட்செட் மாட்டியிருக்கிறீர்களா?

நட்டுபோல்ட்டு:
ஆமா, பாட்டு கேக்க. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

சன்னலோரம்:
மைக்கே அதுதான். மைக் திறந்த உடனே ஹெட்செட் போன்கால் முறைக்கு மாறிவிடும், 16000 சாம்பிள் ரேட், பாதி 8000. பழைய ஹெட்செட் என்றால் 8000 ரேட், 4000தான். ஆடியோ கான்டெக்ஸ்ட் அதை 48000க்கு மாற்றிக் காட்டும், ஆனால் வராத ஒலியை எங்கிருந்து கொண்டுவரும்? டிவைஸ் ஐடி கொடுத்து உள் மைக்கைத் தேர்ந்தெடுங்கள். கெட்செட்டிங்ஸ் (மைக்கின் இப்போதைய அமைப்பைச் சொல்லும்) கூப்பிட்டு அந்த மூன்று ஃபால்ஸும் நிஜமாகவே ஏறியதா என்றும் பாருங்கள். கேட்டதெல்லாம் கிடைத்துவிடாது.

மூத்தஅதிர்வு:
நைக்விஸ்ட் என்று முதலிலேயே சொன்னேன்.

அலைக்கற்றை:
சொன்னது சரி, எந்த ரேட் என்று சொல்லவில்லையே.
டெமோ நாளைக்கே என்றால் 2000 முதல் 4000 வரை இறங்கிவிடுங்கள். காதுக்குக் கேட்கும், ஆனால் எந்தப் போன் ஸ்பீக்கரும் தடுமாறாது. 18500இல் அலைநீளம் 2 சென்டிமீட்டர்கூட இல்லை, ஸ்பீக்கர் துளை மேல் விரல் பட்டாலே போச்சு. சொந்தமாக எழுத நேரமில்லை என்றால் ஜிஜிவேவ் என்ற ரெடிமேட் லைப்ரரியை எடுங்கள்: 96 அதிர்வெண், ஒரே நேரத்தில் 6 சுருதி, ரீட்-சாலமன் பிழைதிருத்தம், எல்லாம் உள்ளேயே இருக்கிறது.

நட்டுபோல்ட்டு:
வந்துடுச்சு!! பத்து எழுத்துக்கு ஒண்ணு தப்பு, பரவால்ல. எல்லாருக்கும் நன்றி.

அலைக்கற்றை:
எதை மாற்றினீர்கள், ஹெட்செட்டையா, செட்டைம்அவுட்டையா, அதிர்வெண்ணையா? தப்பாகும் எழுத்து எது? எப்போதும் முதல் எழுத்து என்றால் தொடக்கம் சரியாகப் பிடிபடவில்லை, செய்திக்கு முன்னால் 50 மில்லிசெகண்ட் சிர்ப் (அதிர்வெண் ஏறிக்கொண்டே போகும் ஒலி) ஒன்று வைத்து ஒப்பிட்டுத் தேடுங்கள். போகப் போகக் கூடினால் செட்டைம்அவுட் இன்னும் உள்ளே இருக்கிறது. எங்கே வேண்டுமானாலும் என்றால் எதிரொலி.

கீச்சுக்குரல்:
ரெண்டு நாளாச்சு. ஆள் டெமோவோட போயிட்டார் போல.